அரை விநாடித் தூரம்

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி அந்தமானுக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்தது. பிரதமர் நரேந்திர மோடி டெல்லியிலிருந்தபடியே வீடியோ மூலம் திறந்துவைத்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து மேலும் ஏழு தீவுகள் என்று மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். செப்டம்பர் 2ஆம் தேதி, அதாவது 23 நாள் கழித்து, மத்திய அரசு 118 செல்போன் செயலிகளுக்குத் தடை விதித்தது. பட்டியலில் பப்ஜியும் இருந்தது.

ஹேடோ பையன்களின் ராசி அப்படி. சாலை போட்டுத் திறந்த கையோடு வண்டிகளுக்குத் தடை போட்ட கதை. பிறகு அதே விளையாட்டு 2021 ஜூலையில் இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து மறுபடி காணாமல் போனது. 2023 மே மாதம் மறுபடி தலைகாட்டியது. வங்காள விரிகுடாவின் பருவமழைக்குக்கூட இதைவிட ஒழுங்கு உண்டு.

பெரியவர்களுக்கு இதெல்லாம் சிரிப்புச் சங்கதி. கேபிள் வந்தது ஆஸ்பத்திரிக்கு, படிப்புக்கு, வங்கிக்கு. பையன்கள் சுட்டு விளையாடுவதற்கா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு தீவுக்குத் தொழில்நுட்பம் நிஜமாகவே வந்து சேர்ந்ததா என்று சோதித்துப் பார்க்க விளையாட்டைவிடக் கறாரான இன்ஸ்பெக்டர் கிடையாது. மின்னஞ்சல் மூன்று விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சினிமாவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். விளையாட்டில் மட்டும் கண்ணிமைக்கும் நேரம் பிசகினாலும் ஆள் அவுட். விழா மேடையில் சொல்லப்படாத உண்மை ஒன்று பையனின் கைத்திரையில் மில்லி விநாடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பெயர் பிங்.

* * *

போர்ட் பிளேரின் துறைமுகப் பகுதி ஹேடோ. (ஊரின் அரசுப் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம்.) சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வரும் பயணிக் கப்பல்கள் ஒதுங்குவது இங்கேதான். சென்னைக் கப்பல் வந்து சேரச் சுமார் 60 மணி நேரம். அரிசியும் வெங்காயமும் சிமெண்டும் போலவே, ஒரு காலத்தில் வீடியோ கேம்ஸ் கேசட்டும் கடல் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. தீவுகளின் ஜனத்தொகையில் சுமார் 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ் என்கிறது 2011ஆம் ஆண்டு கணக்கெடுப்பு. எனவே 'கப்பல் என்றைக்கு?' என்ற கேள்வி ஹேடோவில் தமிழிலும் கேட்கப்படும் கேள்வி.

இந்தக் கப்பலை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 10 டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் ஆயிரத்தைச் சென்னையில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாமாகச் சேர்த்து ஒரு சின்ன அறையில் அடங்கிவிடும். 60 மணி நேரத்தில் அவை ஹேடோவில் இறங்கினால், விநாடிக்குச் சுமார் 370 கிகாபிட் வீதம் தகவல் வந்து சேர்ந்ததாக அர்த்தம். 2020ல் திறக்கப்பட்ட கேபிளுக்குச் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே அறிவிக்கப்பட்ட திறன் விநாடிக்கு இருமுறை 200, அதாவது 400 கிகாபிட். பழைய கப்பல் கிட்டத்தட்ட 1,224 கோடி ரூபாய்க் கேபிளுக்குச் சமமாக ஓடிவிட்டது!

இருந்தும் கப்பலை யாரும் இண்டர்நெட் என்று சொல்வதில்லை. கேள்வி கேட்டால் பதில் வர ஐந்து நாள் ஆகும். தகவல் எவ்வளவு வருகிறது என்பது ஒரு கணக்கு, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பது இன்னொரு கணக்கு. குழாயின் பருமன் பெரிதாக இருந்தால் குடம் சீக்கிரம் நிறையும். ஆனால் திருகியவுடன் முதல் சொட்டு எப்போது விழும் என்பதைப் பருமன் தீர்மானிப்பதில்லை. விளம்பரங்களிலும் விழா மேடைகளிலும் பருமன் மட்டும்தான் பேசப்படுகிறது. விளையாடுபவனுக்கு வேண்டியது முதல் சொட்டு.

கேபிளுக்கு முன்பு தீவுகள் நம்பியிருந்தது சாட்டிலைட்டை. மொத்தத் தீவுக்கூட்டமும் சில கிகாபிட் அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டது. அது பருமன் பிரச்சினை. பணம் கொடுத்தால் கொஞ்சம் தீரும். தீராத பிரச்சினை வேறு. பூமி சுழலும் வேகத்துக்கே தானும் சுற்றி, ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் தொலைத்தொடர்பு சாட்டிலைட் இருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். ஹேடோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி மேலே போய், கீழே சென்னைப் பக்கம் இறங்கி, பதில் மறுபடி மேலே ஏறி, மறுபடி கீழே வரவேண்டும். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒளியே விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆக, எல்லாக் கருவிகளும் சொக்கத் தங்கமாக வேலை செய்தாலும் ஏறக்குறைய அரை விநாடி போய்விடுகிறது. இதை எந்த மந்திரியாலும் குறைக்க முடியாது. ஐன்ஸ்டைன் குறுக்கே நிற்கிறார்.

அரை விநாடி பெரிய விஷயமா? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்து 22 கஜத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது அரை விநாடி. அதாவது சாட்டிலைட் வழியே விளையாடும் பையனுக்குப் பந்து வீச்சாளரின் கை சுழல்வது தெரியும்போது, ஸ்டம்ப் ஏற்கனவே பறந்துவிட்டது. 1990களில் சாட்டிலைட் வழியே டெலிபோன் பேசியவர்களுக்கு இந்த அரை விநாடி நன்றாகவே தெரியும். ஒருவர் பேசி முடித்தும் எதிர்முனை மௌனமாக இருக்கும். லைன் போய்விட்டதோ என்று இன்னொரு ஹலோ சொல்ல, அதே சமயத்தில் பதில் வந்து அதன்மேல் மோதும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் ஒன்றாகவே மறுபடி ஆரம்பிப்பார்கள்.

கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி சற்றுச் சோம்பல்பட்டு விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. ஆனால் போகவேண்டிய தூரம் கொஞ்சம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர். போய்த் திரும்ப 14 மில்லி விநாடி. கேபிள் வளைந்து நெளிந்து போவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இன்றைய செல்போன் திரை விநாடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லி விநாடி. சாட்டிலைட்டில் முப்பது படம் தள்ளி நின்ற ஹேடோ, கேபிளில் சென்னைக்கு ஒரே ஒரு படம் தள்ளி வந்துவிட்டது. 1,224 கோடி ரூபாய் வாங்கித் தந்த மிகப் பெரிய வசதி இதுதான். திறப்பு விழாச் செய்திகளில் தலைப்பைப் பிடித்தது கிகாபிட்.

* * *

தாமதத்தை மறைக்க விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். 1996ல் 'குவேக்' விளையாட்டின் இண்டர்நெட் பதிப்புக்காக ஜான் கார்மாக் என்ற புரோகிராமர் அதைப் பிரபலமாக்கினார். விஷயம் வேறொன்றுமில்லை, ஜோசியம். தூரத்துக் கம்ப்யூட்டரிலிருந்து பதில் வரும்வரை காத்திராமல், 'பையன் பொத்தானை அழுத்திவிட்டான், இந்நேரம் இங்கே வந்திருப்பான்' என்று கையிலுள்ள கருவியே ஊகித்துத் திரையில் காட்டிவிடும். பதில் வந்ததும் ஊகம் சரியென்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. தப்பென்றால், ஓடிக்கொண்டிருந்த ஆள் ரப்பரில் கட்டியிழுத்த மாதிரி பழைய இடத்துக்கே சுண்டி இழுக்கப்படுவான்.

ஐம்பது மில்லி விநாடிக்கு இந்த ஜோசியம் பலிக்கும். ஐந்நூறு மில்லி விநாடிக்குப் பலிக்காது. அதற்குள் எதிராளி சுட்டுவிட்டு வேறு தெருவுக்குப் போயிருப்பான். பையன் சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொண்டதாக நினைக்கும்போது, தூரத்துக் கம்ப்யூட்டர் அவன் இறந்து அரை விநாடி ஆகிவிட்டது என்று தகவல் அனுப்பும். கெட்டிக்காரன் தோற்றால் பரவாயில்லை, அடுத்த முறை ஜெயிப்பான். முகவரி காரணமாகத் தோற்பவன் எத்தனை பயிற்சி செய்து என்ன பயன்?

பொழுதுபோக்குப் பேச்சு போலத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. தீவுகளிலிருந்து உலகத்தோடு போட்டியிட ஆள் வராமலில்லை. 2019ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலக சைக்கிள் போட்டியில் டீம் ஸ்பிரின்ட் தங்கம் வென்ற இந்திய அணியில் அந்தமான் நிகோபாரைச் சேர்ந்த ஈசோவ் ஆல்பன் இருந்தார். அதற்கு முந்தைய வருடம் ஸ்விட்சர்லாந்தில் இதே ஜூனியர் போட்டியில் அவருக்கு வெள்ளி. ஜெர்மானியப் பையனுக்கும் தீவுப் பையனுக்கும் ஒரே தளம், ஒரே கோடு, ஒரே துப்பாக்கிச் சத்தம். யார் காலில் வலு அதிகமோ அவருக்கு மெடல். கம்ப்யூட்டர் விளையாட்டில் சத்தம் ஹேடோவுக்கு அரை விநாடி கழித்துக் கேட்டால், அது பந்தயமே அல்ல.

இப்போது இது மெடல் விவகாரமும்கூட. மின்விளையாட்டை மத்திய அரசு 2022 டிசம்பரில் விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அதற்கு மெடல் கொடுத்தார்கள். அறை முழுக்கக் கோப்பை வைத்திருக்கும் மாநிலங்களோடு போட்டி போட ஒரு சின்ன யூனியன் பிரதேசத்துக்குப் பெரிய ஸ்டேடியம் தேவைப்படாத ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது. தேவை ஒழுங்கான ஒரு கம்பி.

அந்தக் கம்பியும் ஒரு விசித்திரமான வழியில் போகிறது. விளையாட்டுக் கம்பெனிகள் இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்காகத் தங்கள் கம்ப்யூட்டர்களைப் பெரும்பாலும் மும்பையிலோ சிங்கப்பூரிலோ வைத்திருக்கின்றன. ஹேடோவிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 1,700 கிலோமீட்டர். கேபிள் வழியாகப் போவதென்றால் முதலில் மேற்கே சென்னைக்கு 1,360 கிலோமீட்டர், அங்கிருந்து வந்த வழியே கிழக்கே திரும்பிச் சிங்கப்பூருக்கு 2,900 கிலோமீட்டர். கிழக்கே இருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போக மேற்கே பஸ் ஏறுகிற கதை. வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடும் கடலடிக் கேபிள்கள் மலாக்கா நீரிணைக்குள் நுழையும்முன் நிகோபார்த் தீவுகளின் அண்டையில்தான் போகின்றன. தீவுக்காரனின் குண்டு தன் ஊர் வாசல் வழியாகவே இரண்டாவது தடவை பறந்து போகிறது.

இது புதிய அவமானமும் அல்ல. 1870களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். தீவுகளைத் தாண்டித்தான் அது போயிற்று. ஆனால் போர்ட் பிளேருக்குத் தந்தி வந்தது அடுத்த நூற்றாண்டின் ஆரம்பத்தில், பர்மாக் கரையை ஒட்டிய டயமண்ட் தீவிலிருந்து, அதுவும் கம்பியில்லாமல். உலகமெல்லாம் முதலில் கம்பி, பிறகு கம்பியில்லாதது என்று முன்னேறியது. அந்தமான் மட்டும் கம்பியில்லாததில் ஆரம்பித்து நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்து கம்பிக்கு வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டைப் பின்தொடர இஸ்ரோ போர்ட் பிளேரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. ராக்கெட் எங்கே போகிறது என்று நாட்டுக்குச் சொல்லும் ஊர், கேபிள் வரும்வரை அதே ராக்கெட்டின் வீடியோவைத் திக்கித் திணறித்தான் பார்த்தது.

* * *

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. ஹேடோவுக்கு அந்தப் பழமொழியின் நல்ல பொருள் தெரியும்.

2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ கழகத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்கு வந்து, ஒரு ஹோட்டலில் ஆன்டெனா கட்டியது. ஹாம் ரேடியோ என்பது ஒருவகை விளையாட்டு. சொந்த ரேடியோவில் எத்தனை நாடுகளோடு, எத்தனை தீவுகளோடு பேசினோம் என்று எண்ணிக்கை சேர்ப்பது அதில் பெருமை. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்குப் பல வருடங்களாக அனுமதி கிடைக்காததால், அந்தமானைத் 'தொட்டு'த் தங்கள் கணக்கில் சேர்க்க உலகெங்கும் ஹாம்கள் வரிசையில் காத்திருந்தார்கள். வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புப் பெயரோடு பாரதி பிரசாத் இரவும் பகலும் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது. பிறகு சுனாமி. தீவுகளில் டெலிபோன் செத்தது. தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. ஆட்டம் ஆட வந்த ரேடியோ அந்தக் கணமே ஆபத்து ரேடியோவாக மாறியது. யார் உயிரோடிருக்கிறார்கள், எங்கே மருந்து வேண்டும் என்ற செய்திகள் அதன் வழியே தாய்நாட்டுக்குப் போயின. ஹாம் குழு கார் நிகோபாருக்கும் போனது. அரசாங்கம் திட்டமிட்டு அமைத்த வசதிகள் கைவிட்ட இடத்தில், எண்ணிக்கை சேர்க்கக் கட்டிய ஆன்டெனா கைகொடுத்தது.

காரணம் அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. விளையாடுபவர்கள் கருவியை எல்லை வரை இழுத்துப் பார்க்கிறார்கள். எந்த நேரத்தில் அலை நன்றாகப் போகும், எந்த ஆன்டெனா எந்தத் திசையில் கேட்கும், எங்கே அறுந்தால் எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பார்க்கும் இலாகாவுக்கு அந்தப் பழக்கம் வராது. இன்றைய பிங் பைத்தியங்களும் அந்த ஜாதிதான். நெட்வொர்க்கில் எங்கே அடைப்பு என்று கம்பெனியின் புகார் எண்ணுக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. 'பிங்' என்ற புரோகிராமை 1983ல் எழுதிய மைக் மூஸ், கடலுக்கடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் சத்தத்தை வைத்தே அந்தப் பெயரைச் சூட்டினார். கடற்படைத் துறைமுகம் ஒன்றின் பக்கத்தில் வளரும் பையன்களுக்குப் பொருத்தமான சொல்தான்.

* * *

எதிரொலி ஒருநாள் திரும்பி வராவிட்டால்?

2020ல் திறந்தபோது தீவுகளைச் சென்னையோடு இணைத்தது ஒரே ஒரு கடல்தடம். ஆழ்கடலில் இத்தகைய கேபிளின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான். உலகில் வருடத்துக்கு 150 முதல் 200 தடவை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும். அந்தமானுக்கு அதோடு பூகம்பமும் சேர்ந்துகொள்கிறது. நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலையான பேரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டரில் இருக்கிறது. நூற்றாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு 1991ல் விழித்துக்கொண்ட எரிமலை அது.

எரிமலையும் ஒற்றைக் கேபிளும் சந்தித்தால் என்ன ஆகும் என்று டோங்கா நாட்டைக் கேட்கலாம். பசிபிக் கடலில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம். 2022 ஜனவரி 15ஆம் தேதி கடலடி எரிமலை வெடித்தது. வெளியுலகோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து இணைத்து முடித்தபோது பிப்ரவரி 22. ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2006 டிசம்பரில் தைவானை ஒட்டி நடந்த பூகம்பத்திலும் பல கேபிள்கள் அறுந்து, ஆசியா முழுக்க இண்டர்நெட் நொண்டியது. ஆனால் அங்கே சுற்றிப்போக வேறு கேபிள்கள் இருந்தன. நொண்டுவதற்கும் படுத்துவிடுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் இரண்டாவது பாதை.

பழுதானால் ஒட்டுவதற்கு ஆள் வேண்டும். இந்தியக் கொடி பறக்கும் கேபிள் கப்பல் நாட்டில் இல்லாததை டிராய் அமைப்பு 2023ல் கொடுத்த பரிந்துரைகளில் சுட்டிக்காட்டியது. உலகத்தின் கால் சென்டராக விளங்கும் நாடு, சொந்தக் கம்பி அறுந்தால் வெளிநாட்டுக் கப்பலுக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது பாதை வானத்திலும் இருக்கலாம். பழைய சாட்டிலைட்டைப் போல 35,786 கிலோமீட்டரில் நில்லாமல், சுமார் 550 கிலோமீட்டரில் தாழப் பறக்கும் ஆயிரக்கணக்கான சிறு சாட்டிலைட்டுகள் இன்று இருக்கின்றன. உயரம் குறைவதால் தாமதமும் விளையாட்டுக்குத் தாங்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எலான் மஸ்கின் ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு இந்திய அரசு 2025 ஜூனில் லைசென்ஸ் கொடுத்தது. அதற்கு முன்பே ஒருவகையில் அது அந்தமானுக்கு வந்துவிட்டது. 2024 நவம்பரில் பேரன் தீவு அருகே சுமார் 6,000 கிலோ போதைப்பொருளோடு பிடிபட்ட மியான்மர்ப் படகில் ஒரு ஸ்டார்லிங்க் கருவியும் இருந்ததாகப் போலீஸ் சொன்னது. தொழில்நுட்பம் எப்போதும் முதலில் யாரைத் தேடி வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. கடத்தல்காரனின் பிங் அரசாங்க அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

* * *

கேபிள் நல்லதை மட்டும் கொண்டுவருமா என்ற கேள்வியும் ஹேடோ வீடுகளில் உண்டு. வராது. அதே கண்ணாடி இழையில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களும் வந்து சேர்ந்தன. தமிழ்நாடு 2022ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்து, கவர்னரோடு மல்லுக்கட்டி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்தச் சட்டம் கடலைத் தாண்டாது. யூனியன் பிரதேசமான அந்தமானுக்கு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம்தான் கதி. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அது தடுக்கிறது. நடத்துபவருக்கு மூன்று வருட ஜெயில், ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை போகிறது. மின்விளையாட்டைத் தனியாகப் பிரித்து ஊக்குவிக்கவும் சொல்கிறது.

பிரித்தது சரி. பெற்றோருக்கும் இந்தப் பிரிவினை புரிந்தால் நல்லது. ரம்மிக்குப் பிங் முக்கியமில்லை. சீட்டு அரை விநாடி தாமதமாக வந்தாலும் பணம் போவது போகும். வேகமான கம்பி இல்லாமலேயே சூதாட்டம் செழிக்கும். நல்ல கம்பி இல்லாவிட்டால் செத்துப்போவது திறமையை வைத்து ஆடும் ஆட்டம்தான். சூதாட்டத்துக்குப் பயந்து கேபிளைத் திட்டுபவர்கள், எலிக்குப் பயந்து நெல்லைத் திட்டுகிறார்கள்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது அதிகம் இல்லை. இரண்டாவது பாதை, ஒரு பழுதுபார்க்கும் கப்பல்; இரண்டுக்கும் பணமும் காலமும் ஆகும். மூன்றாவதற்குப் பைசா செலவில்லை. கப்பல் எந்தத் தேதியில் கிளம்பும், எந்தத் தேதியில் வரும் என்று தீவு நிர்வாகம் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. தாமதமானால் ஊருக்கே தெரியும். கடல் மேலே வரும் கப்பலுக்கு உள்ள மரியாதை கடலுக்கடியில் வரும் கேபிளுக்கும் கிடைக்கட்டும். இந்த வாரம் சென்னைக்குப் பிங் எவ்வளவு, எத்தனை மணி நேரம் கேபிள் படுத்தது, கார் நிகோபாரில் எத்தனை, காம்பெல் பேயில் எத்தனை என்று வாராவாரம் நான்கு எண்களை வெளியிடலாம். அளக்க ஆள் இல்லையென்று இலாகா கைவிரிக்க முடியாது. ஹேடோவில் சம்பளமில்லாமல் தினமும் விடியும்வரை அளந்துகொண்டிருக்கும் நிபுணர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.